மலையடிவாரத்தில் 5 மர்லா

பஞ்ச்குலாவில் இருக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும், மதுரையில் இருக்கும் என் சித்தப்பா "பஞ்சாப்ல குளிர் எப்படிப்பா இருக்கு?" என்றுதான் கேட்பார். பஞ்ச்குலா இருப்பது ஹரியானாவில். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் ஹரியானாவில் பல் தேய்த்து, யூனியன் பிரதேசமான சண்டிகரைக் கடந்து, பஞ்சாபின் மொஹாலியில் போய் டிபன் பாக்ஸைத் திறக்கிறவர்கள் இங்கே ஏராளம். மூன்று ஊரும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

வங்கி டிரான்ஸ்பரில் 2021-ல் இங்கே வந்தேன். இந்தப் பக்கம் போஸ்டிங் வரப்போகிற நம்மவர்களுக்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி வைக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

"குல்" என்றால் வாய்க்கால். கக்கர் ஆற்றிலிருந்து பிரிந்த ஐந்து வாய்க்கால் ஓடிய இடம் பஞ்ச்குலா என்கிறார்கள். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15-ல் தனி மாவட்டம் ஆனது. சண்டிகர் மாதிரியே தெருவுக்குப் பெயர் கிடையாது, எல்லாம் செக்டர் நம்பர்தான். ஊருக்கு முதுகு கொடுத்தாற்போல் சிவாலிக் மலை. மழை பெய்து வானம் தெளிந்த ராத்திரியில் மொட்டை மாடியில் நின்றால் கசௌலியின் விளக்குகள் கண்ணில் படும். பக்கத்தில் சண்டிமந்திர் ராணுவக் குடியிருப்பு இருப்பதால் தமிழ்க்குரல் அவ்வப்போது காதில் விழும். சண்டிகர் 31-ஆம் செக்டரில் முருகன், கார்த்திகேயர் என்ற பெயரில் இருக்கிறார். மதுரைக்கு நேரடி ரயில் உண்டு, இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஜனவரிப் பனிமூட்டத்தையும் ஜூன் அனல்காற்றையும் தாங்கிவிட்டால் மற்றபடி சொர்க்கம்தான் :)

இங்கிருந்து வண்டியில் பத்து, பதினைந்து நிமிடத்தில் சுக்னா ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் அங்கேதான் நடக்கும். எதிரே தண்ணீர், அதற்குப் பின்னால் மலை. முதல் தடவை பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும், "இங்கேயே ஒரு இடம் வாங்கிப் போட்டால் என்ன?" என்று நினைக்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். நானும் நினைத்திருக்கிறேன்.

அப்படி நினைத்த ஒருவர்தான் 2024-ல் என் கிளைக்கு வந்தார். ராணுவத்தில் சுபேதார், ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. சின்னமனூர்ப் பக்கம். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், ஏரிக்கு மேல, மலையடிவாரத்துல 5 மர்லா இடம். மாடி கட்டி நின்னா ஏரி தெரியும், பின்னாடி ஜன்னலைத் திறந்தா மலை. பொண்ணு இங்கதான் காலேஜ் படிக்குது. ஊருக்குப் போயி இனிமே என்ன பண்ணப் போறோம்?"

மர்லா என்பது இந்தப் பக்கத்து அளவு. ஒரு மர்லா சுமார் 272 சதுர அடி. நம் கணக்கில் 5 மர்லா மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். செக்டருக்குள் சொல்கிற விலையில் கால்வாசிதான் கேட்டிருக்கிறார்கள். கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் வந்ததும் இடத்தை வாங்கிவிட்டு, வீடு கட்ட எங்களிடம் கடன் எடுப்பது அவர் திட்டம்.

பேப்பரைப் புரட்டினேன். பவர் ஆஃப் அட்டர்னி ஒன்று, விற்பனை ஒப்பந்தம் ஒன்று, உயில் ஒன்று. கிரயப் பத்திரம் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்து "ரிஜிஸ்டர் ஆன மாதிரிதான்" என்று சொல்வது வட இந்தியாவில் பல காலமாக நடந்து வந்த வழக்கம். இப்படிக் கைமாறினால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஹரியானா அரசே ஒரு தரப்பு. நம் ஊர் பட்டா, சிட்டா போல இங்கே ஜமாபந்தி என்று நிலப் பதிவேடு உண்டு. அதில் அந்த இடம் இன்னமும் விவசாய நிலம்.

"லோன் கிடைக்காதுண்ணே" என்றேன்.

"லோன் வேண்டாம் சார். புரோக்கர் ரெண்டு தவணையா ரொக்கமா வாங்கிக்கிறேன்கிறான். நான் கேக்குறது வேற. உங்க கூடப்பிறந்த அண்ணன் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

வங்கி அதிகாரியாக என் வேலை "கிடைக்காது" என்பதோடு முடிந்துவிட்டது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் எல்லையில் நின்ற காசு அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வரச்சொன்னேன்.

கரையில் நடந்துகொண்டே அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

சுக்னா இயற்கையான ஏரி இல்லை. மலையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் இறங்கும் சுக்னா சோ என்ற காட்டோடையை 1958-ல் அணை கட்டி மறித்து உண்டாக்கியது. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியேவும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் சேர்ந்து செய்த வேலை. கரைமேல் மோட்டார் வண்டி ஓடக்கூடாது என்று கார்பூசியே அன்றைக்கே சொல்லிவிட்டார். அதனால்தான் இன்றைக்கும் நாம் நிம்மதியாக நடக்கிறோம்.

ஆனால் சிவாலிக் இளம் மலை, இறுகாத மண். பெருமழை பெய்தால் கரைந்து இறங்கும். முதல் முப்பது வருடத்திலேயே ஏரியின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி வண்டலால் தூர்ந்துபோனது. மேலே 25 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தை அரசு கையகப்படுத்திக் காடு வளர்த்தது. சண்டிகர் ஜனங்களும் வருடாவருடம் கூடை தூக்கி வண்டல் அள்ளியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சுகோமாஜ்ரி கதை. பிஞ்சோர்ப் பக்கம், இதே பஞ்ச்குலா மாவட்டத்தில் இருக்கும் சின்ன கிராமம். 1970-களில் வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன மண்வள விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா அங்கே போய் நின்றார். ஆடு மாடு மேய்ந்து மலை மொட்டையாகிக் கிடந்தது. மேய்க்காதே என்று சொன்னால் அந்த ஜனங்கள் எதைத் தின்பார்கள்? கிராமத்துக்கு மேலே சின்ன மண் அணை கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாத குடும்பத்துக்கும் பங்கு என்று முடிவானது. தண்ணீர் வந்ததும் ஜனங்களே மேய்ச்சலை நிறுத்தினார்கள். வேலி போடவில்லை, காவல் போடவில்லை. கட்டுப்பாடுதான் வேலி. மலையில் புல் வளர்ந்தது, ஏரிக்கு வண்டல் குறைந்தது. கீழே நாம் ரசிக்கிற ஏரிக்கு மேலே இருக்கிறவர்கள் கொடுத்த விலை அது.

கண்மாய் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிய வைக்கப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரையும் மடையும் கலுங்கும் மட்டும் கண்மாய் ஆகிவிடாது. மேலே மழை விழும் காடும், வரத்துக்காலும் சேர்ந்தால்தான் கண்மாய். வரத்துக்காலில் பிளாட் போட்டால் ஒன்று கண்மாய் காயும், இல்லையா, தண்ணீர் நம் கூடத்துக்கு வரும். சுக்னாவும் அப்படித்தான். கோடையில் சில வருடம் வற்றியிருக்கிறது. 2023 ஜூலையில் பெய்த பேய்மழையில் மதகைத் திறக்க வேண்டி வந்து, கீழே சாலைகள் மூழ்கின. அந்த மூன்று நாளும் நான் இங்கேதான் இருந்தேன்.

சட்டமும் சும்மா இல்லை. 2020 மார்ச் 2-ல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் சுக்னா ஏரியைச் சட்டப்படி ஒரு நபர் என்றே அறிவித்தது. நீர்ப்பிடிப்பில் எழுந்த கட்டடங்களை இடிக்கச் சொன்னது. ஏரியைக் கெடுத்ததற்கு இரண்டு மாநிலங்களும் தலா 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. வரைபட அனுமதி வாங்கிக் கட்டியவர்களுக்கு 25 லட்சம் நஷ்டஈடு என்றது. அனுமதி இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. தீர்ப்பை எதிர்த்து மனுக்கள் போயின, வீடுகள் உடனே விழுந்துவிடவில்லை. ஆனால் தலைக்கு மேல் அப்படி ஒரு தீர்ப்பு தொங்கும் இடத்தில், பென்ஷன் பணத்தை யாராவது போடுவார்களா?

சுபேதார் பேசவே இல்லை. வீட்டம்மாதான் கேட்டார்கள். "அப்ப ஏற்கனவே அங்க குடியிருக்கிற ஏழை பாழைங்க என்ன சார் செய்வாங்க?" நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. விற்றவன் போய்விடுகிறான், வாங்கியவன் மாட்டிக்கொள்கிறான். அங்கே இருக்கிற வீடுகளில் பலவும் நம்மைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கட்டியவைதான்.

புரோக்கருக்கு முன்பணம் போகவில்லை. ஆறு மாதம் தேடி, 20-ஆம் செக்டரில் ஒரு சொசைட்டியில் பழைய இரண்டு பெட்ரூம் பிளாட் வாங்கினார்கள். கிரயப் பத்திரம் ஒழுங்காக இருந்தது, கடனை நானே சாங்ஷன் செய்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் கொடியில் காயும் துணிதான் தெரியும். பால் காய்ச்சிய அன்றைக்கு சுபேதார் என் காதருகே, "மலைதான் இல்ல சார்" என்றார். வீட்டம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "மொட்டை மாடிக்கு ஏறினாத் தெரியுது. முழங்கால் வலிக்கு நல்லது, ஏறுங்க" என்றார்கள்.

வெளியூரில் இடம் வாங்கப் போகும் நம்மவர்களுக்கு மூன்றே விஷயம் சொல்கிறேன். கிரயப் பத்திரம் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். உள்ளூர் நிலப் பதிவேட்டில் அது என்ன வகை நிலம் என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். மூன்றாவது எந்த வங்கியின் படிவத்திலும் இருக்காது. நல்ல மழை நாளில் ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் வயசானவர்களைக் கேளுங்கள். இந்தி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.