செட்டிநாட்டில் சிவில் பிரிவு!



டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று கனவு கண்டுகொண்டிருந்தது எங்கள் இரண்டாமாண்டு சிவில் வகுப்பு. "ஒரே நாள்தான், செட்டிநாடு போறோம்" என்று சார் அறிவித்ததும் எழுந்த 'உச்' சத்தம் மெக்கானிக்கல் பிளாக் வரை கேட்டிருக்கும். "வீடு பாக்க பஸ் வச்சுப் போகணுமா சார்? எங்க தெருவுலயே நிறைய இருக்கே!" என்றான் கடைசி பெஞ்சு நண்பன். "வா, பாத்துட்டுச் சொல்லு" என்றார் சார்.

திருச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டையை ஜன்னல் வழியாகவே கும்பிட்டுவிட்டு, கானாடுகாத்தானில் இறங்கினோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இருக்கும் ஊர். அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, வேறொரு பழைய வீட்டுக்குள் போனோம். வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில்! முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கிறது. தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேர்கோட்டில் தெரிகிறது. தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்து சேர்த்த பணம் இங்கே வீடாக நிற்கிறது.

சுவரைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார்: "சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு... அரைச்சு அரைச்சுப் பூசினது தம்பி." "இத்தனை ஆம்லெட்டைச் சுவத்துல பூசிட்டாங்களே!" என்று ஒரு குரல். பெரியவரும் சிரித்துவிட்டார்.

அடுத்து ஆத்தங்குடி. இங்கேதான் எங்கள் வாய் அடைத்தது. ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். உள்ளே பூ வடிவ அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார் ஒரு அண்ணன். அச்சைத் தூக்கினால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன! மேலே சிமெண்டும் மணலும் உலர்வாகத் தூவி, கலவை போட்டு மட்டம் செய்து காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார். சூளையும் இல்லை, மெஷினும் இல்லை. கண்ணாடியின் பளபளப்பே கல்லின் பளபளப்பு. ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்த 'க்யூரிங்' தொட்டிக்குள் கிடந்தது!

"கலவை என்ன ரேஷியோ அண்ணே?" என்று கேட்டேன். "கைக்குத் தெரியும் தம்பி" என்றார். "எனக்கப்புறம் செய்ய ஆளில்ல. பசங்க திருப்பூர் போயிட்டாங்க."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா கொத்தனார். ரசமட்டம், தூக்குக்குண்டு, மணியாசுக் கட்டை எல்லாம் நான் கல்லூரிக்கு வருமுன்பே வீட்டில் கற்ற வார்த்தைகள். "நீயாவது கரண்டி பிடிக்காம இருக்கணும்டா" என்று சொல்லித்தான் என்னை டிப்ளமோவில் சேர்த்தார்.

மதியம் காரைக்குடியில் ஒரு மெஸ். வாழையிலை, கோழிக் குழம்பு, கல்பாசி வாசனை, கடைசியில் கவுனி அரிசி இனிப்பு. அந்தக் கறுப்பு அரிசியும் பர்மாத் தொடர்பில் வந்ததுதான் என்றார் சார். யார் எத்தனை முறை சோறு வாங்கினார்கள் என்பது வகுப்பு ரகசியம்!

பிறகு பழம்பொருள் கடைத் தெரு. கதவுகள், நிலைகள், எனாமல் தூக்குகள். அவற்றுக்கு நடுவே ஒரு தேக்குத் தூண் படுத்துக் கிடந்தது. காலையில் நின்ற தூணைப் பார்த்த கண்ணுக்கு அது பிணம் மாதிரி இருந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு பலருடைய வியாபாரம் நொடித்தது. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், பல ஊர்களில். பழுது பார்க்கும் செலவு ஏற ஏற, சில வீடுகள் இடிபட்டு இப்படிக் கடைக்கு வருகின்றன. தூணையாவது விலைக்கு வாங்கலாம், பூச்சுக்காரர் கைப்பக்குவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சுண்ணாம்புப் பூச்சு பற்றிக் கேட்டேன். முதலில், "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். எத்தனை நாள் புளிக்க வைப்பது, எப்போது தேய்ப்பது, எப்போது கை வைக்கக்கூடாது... நோட்டில் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. அவ்வளவு நேரம் அப்பா தொழிலைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல்முறை.

நண்பர்களே! நாளை சைட்டில் இன்ஜினியரின் பிளானுக்கும் கொத்தனாரின் கைக்கும் நடுவில் நிற்கப்போவது டிப்ளமோக்காரர்கள் நாம்தான். அடுத்த வருட புராஜெக்டுக்கு டேப்பும் சர்வே போர்டும் எடுத்துக்கொண்டு ஒரு பழைய வீட்டை அளந்து வரைவோம். அதைக் கட்டத் தெரிந்த கைகள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். சிலபஸில் இல்லாத பாடம்தான். ஆனால் வாத்தியார்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது!