காவலும் படையும்

காவல் வேறு, படை வேறு. படைவீரன் எதிரியைத் தேடிச் செல்கிறான். காவலன் ஊராருள் ஒருவனாய் ஊரிலேயே நிற்கிறான். முன்னவனுக்கு ஆயுதம் முதற் கருவி. பின்னவனுக்கோ அது கடைசிக் கருவி. இவ்வேற்றுமை மறைந்துபோமாயின் குடிமகனே எதிரியாகக் கருதப்படுவான். நம் தோட்டத் தமிழர் இப்பாடத்தை ஏட்டில் கற்றவரல்லர், மேனியில் கற்றவர்.

1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையையோ கிராணியையோ கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவழக்கத்தை ஒழித்தல். கிராணி உத்தியோகத்தில் இருக்கும் எனக்கு இந்த மூன்றாவது கோரிக்கையைப் படிக்குந்தோறும் தலை குனிகிறது. சர்க்கார் என்ன செய்தது? தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்திற்று. மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, பட்டாளத்தையும் இறக்கிற்று. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். சைக்கிளில் அமர்ந்தபடியே போக உரிமை கேட்டவனுக்குத் துப்பாக்கி விடையளித்தது.

பின்னர் வந்தது 1948. ஜூன் 16-ந் தேதி சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அது 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. அது மெய்யான போரே. போலீஸாரிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் அப்போரில் காவல் இலாகா எவ்வாறு உருமாறிற்று என்பதை நாம் நோக்கவேண்டும். பாலஸ்தீனத்தில் போலீஸ் தலைவராயிருந்த கர்னல் கிரே என்பவர் மலாயாப் போலீஸின் தலைவராக வந்தார். அங்கே பணியாற்றிய சார்ஜெண்டுகளும் நூற்றுக்கணக்கில் இங்கே வந்தனர். காட்டில் போர் புரியவென்றே போலீஸ் படைப்பிரிவுகள் தோன்றின. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. வாயிலில் சோதனை செய்யாமல் ஒருபிடி அரிசியும் வெளியே போகக்கூடாதென்ற கட்டுப்பாடு பல இடங்களில் வந்தது. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கவும் சட்டம் இடந்தந்தது.

இதனால் விளைந்த தீமையை ஆண்டவர்களே உணர்ந்தார்கள் போலும். 1952-ல் லண்டன் சிட்டி போலீஸின் தலைவர் ஆர்தர் யங் இங்கே அனுப்பப்பட்டார். போலீஸார் மக்களுக்குப் பணியாளர் என்ற கொள்கையை அவர் புகட்ட முயன்றார். கைகோத்த இரு கரங்களை அவ்வியக்கத்தின் சின்னமாக்கினார். கிரேயின் வழி ஒன்று, யங்கின் வழி மற்றொன்று; இரண்டும் அன்றே நம் கண்முன் வைக்கப்பட்டன.

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. காட்டுப் போலீஸ் பிரிவு கலைக்கப்படவில்லை. 1997-ல் அது பொதுச் செயற்படை என்று பெயர் மாறிற்று. விசாரணையற்ற காவல் 1960-ம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியேறிற்று. 2012-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சோஸ்மா என்னும் வேறொரு சட்டம் பிறந்தது. அவசரத்துக்கென்று வாங்கிய கடன், அவசரம் தீர்ந்தபின் திருப்பிச் செலுத்தப்படுவதில்லை என்பதே இதன் பொருள்.

எங்கள் கேமரன் மலையிலும் இதைக் கண்டேன். இன்று தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் சிலரே. பழைய லயங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் வாழ்கின்றனர். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலை, நீண்ட துப்பாக்கிகள் ஏந்தியோர் லாரிகளில் வந்து ஒரு லயத்தைச் சூழ்ந்தனர். வந்த காரியம் அனுமதிச் சீட்டுகளைப் பார்ப்பதே. ஓர் இளைஞன் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து ஓடி, சரிவில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். அவன் சீட்டு முறையானது. அதைப் புதுப்பித்து வாங்கியவனே நான். ஏன் ஓடினாய் என்று மறுநாள் கேட்டேன். "துப்பாக்கியைப் பார்த்தேன், சீட்டு நினைவுக்கு வரவில்லை, ஐயா" என்று அரைகுறை மலாயில் சொன்னான். குற்றமற்றவனை ஓடவைக்கும் காவல், குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்ஙனம் பயன்படும்?

"நமக்கென்ன, அவர்கள் அந்நியர்" என்று நம்மவரில் சிலர் கூறுவதைக் கேட்கிறேன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவின் தைப்பான் போலீஸ் நிலையத்தில் மாண்ட குகன் அந்நியரா? நுரையீரலில் நீர் கோத்ததே காரணமென்று முதற் பரிசோதனை சொல்லிற்று. அடியும் உதையும் இரண்டாம் பரிசோதனையிலேயே வெளிப்பட்டன. இரண்டாவது பரிசோதனைக்குக் குடும்பத்தார் போராடியிராவிட்டால் உண்மை அவரோடு புதைக்கப்பட்டிருக்கும்.

மருந்து நாம் அறியாததன்று. துன் முகமது சைடின் தலைமையிலான அரச விசாரணைக் குழு 2005-லேயே 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீஸார்மீதான புகாரை விசாரித்துத் தண்டிக்க வல்ல சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பதினெட்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில் ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது தண்டிக்காது, பரிந்துரைக்கும். போலீஸ் நிலையத்தைப் பார்வையிடவும் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு வரும் தணிக்கையாளர் முன் எந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் பிழை இருக்கும்?

தோழர்களே, சீர்திருத்தம் என்பது கோயிலிலும் கலியாணப் பந்தலிலும் மட்டும் நிகழ்வதன்று. அதிகாரம் குடிமகன் முன் எவ்வாறு நிற்கிறது என்பதிலும் நிகழவேண்டும். சங்கங்களில் இதைப் பேசுங்கள். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், "தண்டிக்கும் அதிகாரமுள்ள ஆணையம் எப்போது?" என்று கேளுங்கள். லயத்தில் வாழும் அயல்நாட்டானுக்காகவும் கேளுங்கள். நம் பாட்டன்மாரைச் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்ன அதே அதிகாரந்தான் இன்று அவனைச் செடிக்குள் ஓடவைக்கிறது.