காலடியில் யாரோ ஒருவரின் நிலம்

மேற்கு அயர்லாந்துப் பயணம் – 4

அயர்லாந்தின் மிக உயரமான மலைக்குப் போகும் பாதை ஒரு பண்ணை முற்றத்தில் தொடங்குகிறது. கெர்ரி மாவட்டத்தில், மக்கில்லிகடி ரீக்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் குரோனின்ஸ் யார்டு. வண்டியை நிறுத்தக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். தேநீர் கிடைக்கிறது, திரும்பி வந்தால் குளிக்க வெந்நீரும் கிடைக்கிறது. வனத்துறைச் சாவடியோ நுழைவுச் சீட்டோ இல்லை. கில்லார்னி தேசியப் பூங்காவின் எல்லை கிழக்கிலேயே முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் இருக்கும் மலை முழுக்க, 1,039 மீட்டர் உயரமுள்ள காரன்டூஹில் சிகரம் உட்பட, தனியார் சொத்து. ஆடு வளர்க்கும் குடும்பங்களின் பெயரில் பத்திரம் உள்ள நிலம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ரீக்ஸில் ஏற வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் மலையில் நடப்பதைக் குடிமக்களின் உரிமையாக்கியது. அயர்லாந்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நடப்பவர்கள் நில உரிமையாளர்களின் அனுமதியில் நடக்கிறார்கள். அந்த அனுமதியும் பெரும்பாலும் எழுதப்படாதது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. குத்தகை விவசாயிகளைக் குடிசையிலிருந்து வெளியே தள்ளிக் கதவை அடைத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. 1879இல் தொடங்கிய நிலப் போராட்டமும், அதன்பின் வந்த 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் போன்றவையும்தான் ஜமீன்களிடமிருந்து நிலத்தை உழுதவர் கைக்கு மாற்றின. தாத்தாவின் தாத்தா கெஞ்சிக் குத்தகைக்கு எடுத்த நிலம் இன்று பேரனின் பெயரில் இருக்கிறது. வேலியைப் பற்றி அந்தப் பேரன் உணர்ச்சியோடு பேசுவதில் வியப்பில்லை.

பெரும்பாலோர் முற்றத்திலிருந்து ஹாக்ஸ் கிளென் பள்ளத்தாக்கு வழியே நேராகக் காரன்டூஹிலுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் இடப்பக்கம் திரும்பிக் கிழக்கு முகட்டுக்கு ஏறினோம். முதலில் கருமண் சதுப்பு. கணுக்கால் வரை உள்ளே இழுக்கும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று முதலில் முட்டிக்கொள்வது இந்த மலைகளில்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் நிலம் காய நேரமேது?

சதுப்பு முடியும் இடத்தில், மூன்று பக்கமும் பாறைச்சுவர் சூழ்ந்த பள்ளத்தில், கமீனபீஸ்தா ஏரி. தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது. ஏரியைச் சுற்றிலும் அலுமினியத் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன. 1943 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் சி-47 ரக விமானம் ஒன்று இந்தச் சுவரில் மோதியது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். போரில் அயர்லாந்து நடுநிலை வகித்த காலம் அது. குளிர்காலத்தில் யாரும் மேலே ஏறாததால் மறு ஆண்டு பிப்ரவரியில்தான் சிதைவுகள் கண்ணில் பட்டன. அந்தத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஐந்து பேர் இறந்த இடத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் மரியாதை.

ஏரிக்கு மேலே குரூக் மோர், 932 மீட்டர். உச்சியில் கல்லால் கட்டிய ஒரு சிறு மாதா கெபி இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டுமானப் பொருள்களைக் கீழிருந்து சுமந்து வந்து கட்டியது. வெறும் கையோடு ஏறுவதற்கே மூச்சு வாங்குகிற சரிவு. எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்!

அதற்கு அப்பால்தான் முகடு தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. குரூக் மோரிலிருந்து பிக் கன் சிகரம் வரையும், அங்கிருந்து 988 மீட்டர் உயரமுள்ள நாக்னபீஸ்தா வரையும் மலை அரிவாள் விளிம்பாகச் சுருங்கிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் பாறைத் தூண்களைக் கையாலும் காலாலும் பற்றித்தான் கடக்க வேண்டும். பயந்தவர்கள் சற்றுக் கீழிறங்கிச் சுற்றிப் போகலாம். ஆனால் அங்கே புல் ஈரமாக வழுக்குகிறது. பாறை காய்ந்திருந்தால் மேலே போவதே மேல் என்பது என் எண்ணம். கைக்குப் பிடி கிடைக்கிறது, காலுக்குப் படி கிடைக்கிறது. காற்று வேகமாக அடிக்கும் நாளில் இந்தப் பக்கமே வரக்கூடாது.

பிடித்து ஏறும் கல்லின் நிறம் ஊதா. சில இடங்களில் பச்சை. ஏறக்குறைய 37 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வறண்டு கிடந்தபோது, வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் இது. பின்னர் இறுகிக் கல்லாகி, மடிந்து உயர்ந்தது. பனியுகத்தில் பனியாறுகள் இரு பக்கமும் குடைந்தெடுத்தன. குடைந்து முடித்தபோது நடுவில் மிஞ்சிய மெல்லிய சுவரின் மேல்தான் இன்று ஆட்கள் தவழ்கிறார்கள்.

நாக்னபீஸ்தாவைத் தாண்டினால் கால் தானாக வேகம் பிடிக்கிறது. மோலான் பூய், நாக் அன் குல்லின் என்று உருண்ட சிகரங்கள் வரிசையாக வருகின்றன. தெற்கே கீழே பிளாக் வேலி பள்ளத்தாக்கு. அயர்லாந்தின் பெருநிலத்தில் மின்சாரம் கடைசியாக எட்டிய இடங்களில் ஒன்று. 1970களில்தான் அங்கே விளக்கு எரிந்தது.

இந்த உயரத்திலும் ஆடுகள். கறுப்பு முகம், வளைந்த கொம்பு, முதுகில் நீலமோ சிவப்போ சாயம். யாருடைய ஆடு என்பதைச் சாயம் சொல்லும். மலையின் பெரும்பகுதியில் வேலியே இல்லை. பல குடும்பங்கள் பங்கு வைத்திருக்கும் பொது மேய்ச்சல் நிலம். ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் சரிவை விட்டு அதிகம் விலகுவதில்லை. எந்த இடம் தன்னுடையது என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்கிறது. ஒரு மந்தையை மொத்தமாக விற்றுவிட்டால் அந்த அறிவும் மலையிலிருந்து போய்விடும். புது ஆடுகளுக்கு அதைக் கற்றுத்தரப் பல ஆண்டுகள் ஆகும். சினை ஆட்டை ஒரு நாய் துரத்துவதற்கு இங்கே என்ன பொருள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். “நாயைக் கூட்டி வராதீர்கள்” என்று நுழைவாயில்களில் எழுதி வைத்திருப்பதை மதிக்காத நடைப்பயணிகள்மீது எனக்குக் கோபமே வருகிறது.

விவசாயிகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. விக்லோ மலைப்பாதையில் பதித்திருந்த பழைய ரயில் கட்டைகளில் தடுக்கி விழுந்த ஒரு பயணிக்கு 2016இல் நீதிமன்றம் 40,000 யூரோ இழப்பீடு விதித்தது. அங்கே பணம் தர வேண்டியிருந்தது அரசின் தேசியப் பூங்கா அமைப்பு. ஆனால் நாடு முழுக்க மலை நில உரிமையாளர்கள் அதிர்ந்தார்கள். நாளை என் சரிவில் ஒருவர் விழுந்தால்? 2017இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மலையில் நடப்பவர் தன் காலடியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைப்பாடு அதனால் வலுப்பெற்றது.

ரீக்ஸில் இந்தச் சிக்கலுக்கு விடை தேட 2014இல் ஒரு மன்றம் அமைந்தது. நில உரிமையாளர்கள், மாவட்ட நிர்வாகம், வணிகர்கள், நடைப்பயணிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். சட்டத்தால் உரிமை வாங்குவது எளிதாக இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக மலையை அறிந்தவர்களோடு பேசி முடிவெடுப்பதால் மலைக்குக் கிடைக்கும் நன்மை பெரிது என்று நான் நம்புகிறேன். மலையை அவர்கள் தங்களுடையதாக எண்ணுவதற்கு ஒரு சான்று: மன்றம் அமைந்த அதே ஆண்டு நவம்பரில் காரன்டூஹில் உச்சியில் நின்ற, 1976இல் நாட்டப்பட்ட இரும்புச் சிலுவையை யாரோ ஆங்கிள் கிரைண்டரால் அறுத்துச் சாய்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சில நாட்களிலேயே மேலே ஏறி அதை மீண்டும் நிறுத்தினார்கள்.

இறங்கும் வழி, முகட்டில் அடுத்து வரும் நாக்னடின்யா சிகரத்தில் பிரிகிறது. எதிரே டெவில்ஸ் லேடர், அதாவது காரன்டூஹிலுக்கு ஏறும் பழைய நீரோடைப் பிளவு. பத்தாயிரக்கணக்கான கால்கள் பட்டு மண் அரித்து, கல் எல்லாம் தளர்ந்து கிடக்கிறது. மேலே ஒருவர் தட்டிவிடும் கல் கீழே இருப்பவரின் தலைக்கு வரும். 1966 முதல் இயங்கும் கெர்ரி மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் நன்கு அறிந்த இடம் இது. நாங்கள் ஜிக் ஜாக்ஸ் என்ற வளைவுப் பாதையில் இறங்கினோம். சற்றுச் சுற்று, ஆனால் முழங்காலுக்கு இதம். இரண்டு மணி நேரத்தில் பள்ளத்தாக்கின் ஓடையைக் கடந்துவிடலாம்.

அடுத்த வாரம் டிங்கிள் தீபகற்பம். கடலோரத்திலிருந்து 952 மீட்டர் எழும் பிரண்டன் மலைக்கு, யாத்திரிகர்கள் ஏறும் பழைய பாதையில்.