குழிக்கு ஒரு நிமிடம், அடையாளத்துக்கு அரை நாள்

பந்தல் போடும் பருவம் வந்துவிட்டால் பாலக்கோட்டில் என்னைத் தேடி வரும் கேள்விகளில் இது தவறாமல் இருக்கும். "சார், டிராக்டர்ல மாட்டுற குழி மிஷின் ஒரு நிமிஷத்துல ஒரு குழி எடுத்துடுதாமே, ஆள் வெச்சு எடுக்கறத விட்டுடலாமா?" விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன். கடப்பாரை பிடிக்க ஆள் கிடைக்காத காலம் இது. ஆனால் உடனே நான் திருப்பிக் கேட்பேன்: "அடையாளம் யார் போடப்போறாங்க?" பெரும்பாலும் வருகிற பதில், "டிரைவரே பாத்துக்குவாரு சார்." அந்தப் பதில்தான் எனக்குப் பயம்.

சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சப்பள்ளி பக்கம் ஒரு பாகல் பந்தல் சாய்ந்துவிட்டது என்று பார்க்கப் போயிருந்தேன். காய் இறங்கி இரண்டு அறுப்புகூட முடியவில்லை. வீட்டு நகையை அடகு வைத்துக் கல்லும் கம்பியும் வாங்கியிருந்தார்கள். "ராத்திரி அடிச்ச காத்து சார்" என்றார் அந்த விவசாயி. பக்கத்து வயல் பந்தல் அதே காற்றில் அசையாமல் நின்றது. சாயாமல் மிச்சமிருந்த ஒரு வரிசையின் முனையில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். கற்கள் ஒரு பக்கம் நான்கு விரல், மறு பக்கம் நான்கு விரல் என்று பாம்பு ஊர்ந்த தடம் போல நின்றன. கம்பியை முறுக்கி இழுத்தால் அது நேராகத்தான் நிற்கப் பார்க்கும். வளைந்த வரிசையில் ஒவ்வொரு கல்லையும் அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். மழையில் மண் இளகி, காயின் பாரமும் சேர்ந்தபோது கற்கள் சாய்ந்துவிட்டன. காற்று கடைசியாக ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். காட்டிய இடத்தில் அது குழி எடுக்கும். ஆனால் குழி எடுத்ததும் நாம் வைத்த அடையாளத்தையும் விழுங்கிவிடும். முளைக்குச்சியின் தலைமேல் ஆகரை இறக்கிய அடுத்த நொடி குச்சியும் இல்லை, சுண்ணாம்புப் புள்ளியும் இல்லை. கல்லை எதை வைத்து நடுவது? குழியின் நடுவில் குத்துமதிப்பாகத்தான்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது பக்க அடையாளம். குழியின் மையத்திலிருந்து பக்கவாட்டில் சரியாக ஐந்து அடி தள்ளி, வரிசைக்கு இணையாக ஒரு கயிறு கட்டுங்கள். முளைக்குச்சிகளை அந்தக் கயிற்றில் அடியுங்கள். டிராக்டர் சக்கரமும் அங்கே வராது, கிளறிய மண்ணும் மூடாது. ஐந்தடிக் கோல் ஒன்றைக் குச்சியிலிருந்து நேர்க்குறுக்காக வைத்தால் குழியின் மையம் எது என்று எப்போதும் தெரியும். குழி எடுத்த பிறகும், கல்லை இறக்கிய பிறகும் சரிபார்க்கலாம். செலவு ஒரு கோலும் கொஞ்சம் குச்சியும்தான்.

அளக்கும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. ஒரு ஏக்கர் சதுர நிலம் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 208 அடி. 16 அடிக்கு ஒரு கல் என்றால் பக்கத்துக்கு 13 இடைவெளி, 14 கல். மொத்தம் 196 கல். ஒவ்வொரு குழியையும் அதற்கு முந்தைய குழியிலிருந்து அளந்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலம் கூடிப்போனால், கடைசிக் கல்லுக்குப் போகும்போது 26 அங்குலம் தள்ளிப்போயிருப்பீர்கள். டேப்பை முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டு 16, 32, 48 என்று போங்கள். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பவர்களைப் பார்க்கிறேன். அது இழுத்த இழுப்புக்கு நீளும். மூலை சதுரமாக இருக்கிறதா என்று அறிய, ஒரு பக்கம் 30 அடி, மறு பக்கம் 40 அடி குறித்து, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் 50 அடி வரவேண்டும். கொத்தனார்கள் செய்கிற கணக்குதான்.

அடுத்தது சாய்வு. ஆகர் மண்ணைத் தொடும்வரை தூக்குக்குண்டு போல நேராகத்தான் தொங்கும். நுனி மண்ணைக் கடித்த பிறகு கதை மாறும். டிராக்டரின் தூக்குக் கைகள் நேராகக் கீழே இறங்குவதில்லை, வளைவாக இறங்குகின்றன. நுனி ஓர் இடத்தில் நிற்க, தலை நகர்கிறது, குழி சாய்கிறது. ஓர் அடி ஆழம் போனதும் மேலே தூக்கி மண்ணைக் கொட்டிவிட்டு, ஆகரின் தண்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, வண்டியை அரைச் சாண் முன்னேயோ பின்னேயோ நகர்த்தி மறுபடி இறக்கச் சொல்லுங்கள். டிரைவர் முகம் சுளிப்பார். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பது நீங்கள்.

எக்ஸ்கவேட்டரில் மாட்டும் ஆகருக்கு இந்த வளைவுத் தொல்லை குறைவு. மேலிருந்து அமுக்கவும் முடியும், சிக்கினால் எதிர்ப்பக்கம் சுழற்றி வெளியே எடுக்கவும் முடியும். டிராக்டர் ஆகரில் பொதுவாக இந்த இரண்டும் கிடையாது; தன் எடையால்தான் இறங்கும். ஆனால் எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவருக்கு இடம் வலம் சாய்வது தெரியுமே தவிர, தன் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ சாய்வது இருக்கையிலிருந்து சரியாகத் தெரியாது. வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று கை காட்ட ஓர் ஆள் வேண்டும். சிலர் ஆகர் இல்லையென்று வாளியாலேயே குழி எடுத்துவிடுகிறார்கள். மாங்கன்றுக்கு அது சரி. கல்லுக்கு இரண்டடி அகலக் குழி எடுத்துத் தளர்ந்த மண்ணைக் கொட்டினால் கல் எதில் பிடித்து நிற்கும்?

ஆகரின் அகலம் எவ்வளவு? நம் பக்கத்துக் கல்கால் ஆறு அங்குலச் சதுரம் என்றால் மூலைக்கு மூலை எட்டரை அங்குலம் வரும். ஒன்பது அங்குலக் குழியில் கல் இறங்கிவிடும். ஆனால் நகர்த்தி நேராக்க இடமிருக்காது. பன்னிரண்டு அங்குலம் எடுங்கள். குழியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மண்ணை அள்ளிவிட்டு, திமிசால் இடித்த பிறகே கல்லை இறக்குங்கள். அந்த உதிரி மண்மேல் நின்ற கல், முதல் மழைக்கே இறங்கும். மண்ணும் சரளையும் கலந்து அரை அடி போடுவது, இடிப்பது, மறுபடி அரை அடி என்று மேலே வாருங்கள்.

நம் செம்மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையோ உருண்டைக் கல்லோ வரும். கல்லில் பட்டால் ஆகர் அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகும், குழியும் கூடவே போகும். அங்கே நிறுத்திக் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துவிட்டுத் தொடருங்கள். பாறையே வந்தால் குழியை வரிசையின் நீளத்தில் தள்ளிவைக்கலாம். வரிசையைவிட்டுப் பக்கவாட்டில் ஒரு விரல்கூட வேண்டாம். கோடையில் மண் இறுகியிருந்தால், முந்தைய மாலையே கடப்பாரையால் சிறு துளை போட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

காட்டோரத்தில் வேலிக்குக் குழி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லும் கம்பியும் போதும், திருட்டு மின்சாரம் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டதையும், இரண்டு குட்டிகள் தனித்து நின்றதையும் நாம் எல்லோரும் பார்த்தோம்.

இடுப்பிலும் தோளிலும் துண்டோடு, புடவைத் தலைப்போடு ஆகர் பக்கத்தில் யாரும் நிற்கவே கூடாது. பி.டி.ஓ. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. குழிக்கு அதில் பாதி வேகம் போதும். அந்தப் பாதியிலும் துண்டின் நுனியைப் பிடித்தால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஆகர் மண்ணில் சிக்கிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே பைப் ரெஞ்சால் பின்பக்கம் திருப்புங்கள். பாதுகாப்பு போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று அந்த இடத்தில் கெட்டியான போல்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உடைவதற்காகவே வைத்தது, உடையாவிட்டால் கியர் பெட்டி உடையும்.

அன்றைக்கு எத்தனை கல் நட முடியுமோ அத்தனை குழி மட்டும் எடுங்கள். மூன்றடிக் குழி திறந்து கிடந்தால் ஆட்டுக்குட்டியும் விழும், பிள்ளையும் விழும். மீந்த குழிமேல் பலகை வைத்துக் கல்லை ஏற்றுங்கள். வாடகைக்குப் பேசும்போதே எத்தனை அங்குல ஆகர் கைவசம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஒன்பது அங்குலம் மட்டும்தான் என்றால், வண்டி உங்கள் வயலுக்கு வந்த பிறகு பேசிப் பயனில்லை.