நேற்றைய மண்ணைத் தோண்டுதல்

நெளுக்குளத்திலிருந்து மன்னார் வீதியால் செட்டிகுளம் பக்கம் போனால் மெனிக் பாம் வரும். 2009இல் போரால் இடம்பெயர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அங்கே தரப்பாள் கொட்டில்களில் கிடந்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. தொல்லியல் படித்த எனக்கு அது அநுராதபுரத்துக்குக் குறையாத இடம். சட்டத்துக்கு அப்படியில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது.

கிட்டிய காலத்து மண்ணை வாசிக்க எனக்குக் கற்றுத்தந்தது பங்கர். போர்க்காலத்தில் வன்னி வளவுகளில் பதுங்குவதற்கு வெட்டியவற்றை ஊர் திரும்பியவர்கள் மூடிவிட்டார்கள். ஆனாலும் கிடங்கின் விளிம்பு அழியாது. சுற்றிவர இறுகிய மண். உள்ளே பொலபொலவென்று நிறம் கலந்த மண். சாந்தகப்பையால் மெல்லச் சுரண்டித் தண்ணீர் தெளித்தால் 'எல்' வடிவம் தெளிவாக எழும்பும். அடியில் மிதிபட்டு இறுகிய தளத்தில் கிடப்பது உள்ளே பதுங்கியிருந்தவர்களுடையது. அதற்கு மேலே கிடப்பது மூடியவர்கள் தள்ளிய குப்பை. இரண்டையும் ஒரே பையில் போட்டால் எல்லாம் போச்சு. தளத்தில் 1996 என்று அடித்த சில்லறைக் காசு கிடந்தால், அது 1996க்கு முன்னர் அங்கே விழவில்லை என்பது மட்டும்தான் உறுதி. 1996இல்தான் விழுந்தது என்று எழுதக்கூடாது. போர்க்காலத்தில் சேலையைத் தைத்து மண்மூட்டை ஆக்கினார்கள். நைலோன் சேலை மிஞ்சும், பருத்திச் சேலை உக்கிப்போகும். மிஞ்சியதை மட்டும் எண்ணி, இருந்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கவனம் மனிதப் புதைகுழியில் இன்னும் கூடுதலாக வேண்டும். மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. எலும்பு மாதிரிகளைக் கரிமக் கணிப்பால் பரிசோதித்த அமெரிக்க ஆய்வுகூடம் அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டுக்குள் அடங்குவன என்றது. உறவுகளைத் தேடும் குடும்பங்கள் பல அதை ஏற்கவில்லை. என் பார்வையில், கரிமக் கணிப்பு ஒரு சாட்சி மட்டுமே. மண்படையும் கூடக் கிடந்த பொருளும் அதோடு சேர்ந்து பேசவேண்டும். 2023 யூனில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டும்போது வெளிப்பட்ட கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கும் மன்னாரிலும் பேராசிரியர் ராஜ் சோமதேவ போன்ற தொல்லியலாளர் சட்ட வைத்திய அதிகாரிகளோடு நின்றார்கள். ஆர்ஜென்டினாவில் 1984இலேயே கிளைட் ஸ்னோ இளம் மாணவர்களைப் பழக்கி இப்படியொரு குழுவை உருவாக்கினார். நம் பல்கலைக்கழகங்களிலும் அது நடக்கவேண்டும்.

ஈமத்தாழியில் கிடைக்கும் மணியை நாங்கள் வகைபிரிக்கலாம். 2025இல் செம்மணிப் புதைகுழியில் வந்த நீலப் புத்தகப்பையை எந்த வகையில் சேர்ப்பது? அந்த ஓகஸ்ட்டில் அங்கே கிடைத்த பொருட்களைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அங்கே அடையாளம் சொல்லக்கூடியவர்கள் தாய்மார்தான்.

காணி துப்புரவாக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். செருப்போ உடுப்போ எலும்போ தட்டுப்பட்டால் பெக்கோவை நிறுத்துங்கள். எதையும் தூக்காதீர்கள், வெடிக்காத குண்டும் கிடக்கலாம். விலகி நின்று, கிடந்தபடியே படம் எடுத்துவிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் உடனே சொல்லுங்கள்.