பச்சைக் களிம்பு

எங்கள் ஈ.சி.ஈ. லேபில் சிப்பைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. கனெக்டரை யாரும் சீண்டுவதில்லை. மாமல்லபுரத்தில் மாமாவின் ஃபைபர் படகில் வயர்லெஸ் ஊமையானபோது திறந்து பார்த்தோம். செட் நன்றாகவே இருந்தது. ஆண்டெனா கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு! நடுக்கடலில் ஆகியிருந்தால்..? அத்தை இன்னும் புலம்புகிறார்.

செம்பும் பித்தளையும் உப்பு ஈரத்தில் அரிக்கும், தங்கம் அரிக்காது. அதனால்தான் நல்ல கனெக்டர் முனைகளில் நிக்கலுக்கு மேலே சுமார் ஒரு மைக்ரான் தங்கப்பூச்சு. (அடகுக்கடையில் தேறாது மக்களே :-)) ஆனால் அதிர்வில் முனைகள் உரசி அதுவும் தேயும். அதற்குத்தான் திருகி இறுக்கும் வளையம், உள்ளே ரப்பர் சீல். ரயில்களில் டேட்டா கேபிளுக்குப் போடும் எம்12 எக்ஸ்-கோட் இந்த ரகம்: 8 முனைகள், நான்கு ஜோடிகளுக்கு நடுவே எக்ஸ் வடிவ உலோகத் தடுப்பு, நொடிக்கு 10 கிகாபிட்!

'ஐபி67' என்று போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். தூசி புகாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். அதுவும் நல்ல தண்ணீர். உப்புச் சோதனை தனி. 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரியில் மணிக்கணக்காகத் தெளிப்பார்கள். எத்தனை மணி என்பதுதான் மாமாவுக்கு வேண்டிய எண். செங்கல்பட்டில் கேட்டால், "அதெல்லாம் டப்பாவுல போடலையே தம்பி" என்கிறார் கடைக்காரர்.