சுற்றமும் வைக்கோற்பிரியும்

“சுற்றம் என்றால் என்ன?”

வகுப்பில் தமிழ்ப் பேராசிரியர் கேட்டார். “உறவினர், ஐயா” என்றேன்.

“அது பொருள். உறவினருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?”

நின்றவன் நின்றபடியே இருந்தேன். மணி அடித்தது, நான் தப்பினேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பட்டுக்கோட்டைப் பேருந்தில் ஊர் போகும்போதும் உடன் வந்தது.

‘சுற்று’ எனும் இச்சொல்தான் எத்தனை வேடம் போடுகிறது! தலை சுற்றுகிறது. வேலையற்றவன் ஊர் சுற்றுகிறான். ஏமாற்றுபவன் காதில் பூச்சுற்றுகிறான். கல்லூரி அலுவலகத்திலிருந்து வருவது சுற்றறிக்கை. அம்மா டப்பாவில் அடைத்துத் தருவது கைச்சுற்று முறுக்கு. விரலில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறோம். இவற்றினிடையே மாமனும் மச்சானும் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தை அறுவடை முடிந்திருந்தது. தாத்தா களத்தில் விதைக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். விதைநெல் இப்போது கடையில் மூட்டையாகவே கிடைக்கிறது. ஆயினும் ஆண்டுக்கு ஒரு கோட்டையாவது கட்டாவிட்டால் அவருக்குக் கை நமைக்கும். வைக்கோலைப் பரப்பி, நடுவே நெல்லைக் கொட்டி, நாற்புறமும் மடித்துக்கொண்டுவந்து, மேலே பிரியால் இறுக்கிச் சுற்றுவார். பிரி திரிப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வைக்கோலை ஊட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் கோலால் முறுக்கியபடி பின்னோக்கி நடக்க வேண்டும். அன்று பின்னோக்கி நடந்தவன் நான்.

பேராசிரியரின் கேள்வியை அவரிடம் சொன்னேன். தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். பிரியை இழுத்துப் பிடித்தபடியே சொன்னார்: “இதுல என்னடா இருக்கு? ஒத்த வைக்கோலு எதைக் கட்டும்? முறுக்கிச் சுத்துனாத்தான் நெல்லு நிக்கும். நம்மளச் சுத்தி நிக்கிறவன் சுத்தம். ஒரு சுத்து விட்டுப்போனாலும் அத்தனையும் அவுந்து கொட்டிப்போகும்.”

கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். தாத்தா சொன்னதற்குச் சான்றுகள் நிறைந்து கிடந்தன. தெலுங்கில் ‘சுட்டு’ என்றால் சுற்று. ‘சுட்டம்’ என்றால் உறவினர். சுருட்டுக்கும் அங்கே ‘சுட்ட’ என்றே பெயர்! பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இச்சொற்களையெல்லாம் ஒரே குடும்பமாக வைத்திருக்கிறது. வடமொழியின் ‘பரிவாரம்’ எனும் சொல்லும் சுற்றி நிற்போர் எனும் கருத்தில் பிறந்ததே. வள்ளுவர் ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்துக்குச் ‘சுற்றந்தழால்’ என்று பெயரிட்டார். தழால் என்றால் தழுவுதல். உறவுகள் தன்னைச் சூழ வாழ்வதே செல்வம் பெற்றதன் பயன் என்கிறார்.

நம் பெரிய கோயிலையே பாருங்கள். 1010-இல் இராசராசன் கட்டி முடித்த அக்கோயிலில், சுற்றிலும் நிற்கும் திருச்சுற்று மாளிகையை அவன் ஆணைப்படி எடுப்பித்தவன் சேனாபதி கிருட்டிணன் இராமன் எனக் கல்வெட்டு கூறுகிறது. விமானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், வெயிலுக்கு ஒதுங்குவது அந்தச் சுற்றில்தான்!

ஆனால் சொல்லின் பொருளை நான் உணர்ந்தது நூலகத்தில் அன்று. 2018 நவம்பர் 16 விடியுமுன், கஜா புயலில்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆறாண்டுகளாகப் பேச்சில்லை. ஒரு தென்னை யார் எல்லையில் நிற்கிறது என்பதே வழக்கு. இரு வீட்டுக்கும் நடுவே முள்வேலி போட்டிருந்தார்கள். வேலியும் சுற்றுவதுதானே! பிரி சுற்றுவது உள்ளிருப்பதைக் காக்க. அந்த வேலி சுற்றியது உடன்பிறந்தவரைத் தள்ளி வைக்க.

புயலும் சுற்றுவதுதான். ‘சைக்ளோன்’ எனும் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினாராம். அன்றிரவு அப்பாம்பு எங்கள் ஊரைச் சுற்றி இறுக்கியது. ஓடுகள் பறந்தன. அப்பாயி படுத்திருந்த மூலையில் சுவர் சரிந்தது. அப்போது இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒன்று வேலியைத் தாண்டி வந்தது. பெரியப்பா! ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாயியைத் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டார். அப்பா முன்னால் சென்று முள்ளை விலக்கி வழி செய்தார். பெரியப்பாவின் மெத்தை வீட்டில், ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பதினொரு பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காலையில் வேலியும் இல்லை; வழக்குக்குரிய தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்தது. மின்சாரம் வர வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் ஒரே அடுப்பு. அந்த வேலியை இன்றுவரை யாரும் மீண்டும் போடவில்லை. அன்று களத்தில் எனக்கு வைக்கோல் ஊட்டிக்கொண்டிருந்தவரும் பெரியப்பாதான்.

அடுத்த வகுப்பில், கேட்காமலே எழுந்து தாத்தாவின் விளக்கத்தைச் சொன்னேன். பேராசிரியர் சிரித்து, “உன் தாத்தாவை இங்கே அழைத்து வா, நான் உட்கார்ந்து கேட்கிறேன்” என்றார்.

நண்பர்களே! மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. விடுதியில் எனக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் என் ஊராரும் அல்லர், உறவினரும் அல்லர். நீங்கள்தாம். உங்களுக்கு நான் வேறு என்ன பெயர் வைப்பது? தமிழ் முன்னமே வைத்துவிட்டது. இனி நாம் ஆளுக்கொரு திசையில் போகலாம். பிரியின் ஒரு சுற்றும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வோம்.